ஒளிப்படத்தைத் தைலவண்ண ஓவியமாக்கும் அல்காரிதங்கள்

கேமரா ஒரு காட்சியின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அக்கறையோடு பதிகிறது. தைலவண்ண ஓவியர் அப்படிச் செய்வதில்லை. முகத்தில் மெல்லிய தூரிகையால் நாட்கணக்கில் உழைப்பவர், பின்னால் இருக்கும் சுவரை அகலத் தூரிகையின் நாலைந்து இழுப்பில் முடித்துவிடுவார். ஒளிப்படத்தை ஓவியமாக்கும் அல்காரிதம் எதுவானாலும், எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற அந்த முடிவைத்தான் எண்களால் எட்டிப் பிடிக்க முயல்கிறது. பிக்ஸல்களின் நிறத்தையும் ஒளிர்வையும் கொண்டு அது ஊகிக்கும். ஊகம் தவறும் இடத்தில் மனிதர் குறுக்கிட்டுச் சொல்லித்தர வேண்டும். நல்ல விளைவும் மலிவான விளைவும் பிரிவது அந்தக் குறுக்கீட்டில்தான்.

இந்த இயலில் முறைகளை விளக்க இரண்டு மாதிரிப் படங்கள் பயன்படுகின்றன. ஒன்று, புதுச்சேரி நகரின் வடபுறத்தில் உள்ள கருவடிக்குப்பத்தில் மாமர நிழலில் எடுக்கப்படும் காலைநேரப் படம். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் வந்து உலவிய குயில் தோப்பும், அவர் பாடிய சித்தானந்த சுவாமிகள் கோயிலும் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை. இலைகளின் ஊடே விழும் வெயில் புள்ளிகள், கருத்த அடிமரம், வெளுத்த வானம் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் வருவதால் அல்காரிதத்தைச் சோதிக்க இது கடினமான, பயனுள்ள காட்சி. மற்றொன்று, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய ஸ்டூடியோப் படம்: நாற்காலியில் அமர்ந்த மூதாட்டி, சரிகைப் புடவை, நெற்றியில் பொட்டு, மூக்குத்தி.

கைவேலையின் முன்வரலாறு

படத்தை ஓவியமாக்கும் ஆசை கணிப்பொறியோடு பிறந்ததல்ல. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாய்ப் பகுதியில் தொடங்கிய அச்சகம் இதை எதிர்த்திசையிலிருந்து அணுகியது. அங்கே தைலவண்ண ஓவியத்தை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, ஓலியோகிராஃப் என்ற பெயரில் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஓலியோகிராஃப் படங்கள் சிலவற்றுக்கு வார்னிஷ் பூசி, கித்தான் நெசவு தெரியும்படி தாளை அழுத்துவதும் உண்டு. பார்ப்பவருக்கு எண்ணெய் ஓவியம் என்ற உணர்வைத் தருவதில் நிறத்துக்கு உள்ள பங்கு மேற்பரப்புக்கும் உண்டு என்பதை அந்த அச்சுக்காரர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இன்னொரு மரபு இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தின்மீது கையால் வண்ணம் ஏற்றினார்கள். புடவைக்கு ஒரு நிறம், கரைக்குப் பொன் நிறம், உதட்டுக்குச் சிவப்பு. முகத்தின் சாயல்களை மட்டும் ஒளிப்படமே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள். புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் துணையோடு நடந்த ஆவணத் திட்டம், பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேமித்திருக்கிறது. அத்தகைய படங்களைப் பார்த்தால் எந்த இடத்தில் தூரிகை தொட்டது, எந்த இடத்தில் தொடாமல் விட்டது என்பது கண்ணுக்குப் பிடிபடும். கோவில்பட்டியின் கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் நாடகத் திரைச்சீலை, சாமிப் படம், காலண்டர், ஸ்டூடியோ ஆகிய துறைகளுக்கு இடையே சர்வ சாதாரணமாகப் போய்வந்தார்கள். மேடைக்குத் தோப்பும் தர்பாரும் எழுதிய கைகளின் பாணிதான் ஸ்டூடியோவின் பின்திரைகளிலும் தொடர்ந்தது.

ஒரு படத்திலிருந்து ஓவியம் எதை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு நமக்கு மிகவும் பழகிய சான்று பாரதியாரின் முகம். அவருடைய ஒளிப்படங்களாகக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. தமிழர் மனத்தில் பதிந்த தலைப்பாகைப் பாரதியை நிலைநிறுத்தியதில் விடுதலைப் போராட்ட வீரரும் ஓவியருமான ஆர்யா என்கிற பாஷ்யத்தின் ஓவியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கண், மீசை, தலைப்பாகை ஆகிய மூன்றில்தான் பார்வை நிற்கிறது. மற்றவை அவற்றுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கின்றன. கீழே வரும் முறைகளில் ஒன்றுகூடத் தானாக இந்த இடத்துக்கு வந்து சேராது.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

உச்சிவெயிலில் எடுத்த படம் பெரும்பாலும் ஏமாற்றும். நிழல் முழுக் கறுப்பாகவும் வெளிச்சம் முழு வெள்ளையாகவும் போய்விட்டால் தீற்றலுக்கு எடுக்க நிறமே மிஞ்சாது. புதுச்சேரியில் கடல் கிழக்கே இருப்பதால் காலை ஒளி தாழ்ந்து, பக்கவாட்டில் வந்து, உருவங்களுக்குத் திரட்சி கொடுக்கிறது. தோப்புப் படத்துக்கு அந்த நேரமே உகந்தது. வெள்ளை வேட்டியோ சட்டையோ அணிந்தவர் காட்சியில் இருந்தால் ஒளி அளவை வேட்டிக்கு ஏற்ப அமைக்க வேண்டும். இருண்ட பகுதியை ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போன வேட்டியின் மடிப்புகளை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

பழைய ஸ்டூடியோப் படத்தை ஸ்கேன் செய்யும்போது கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிடுவது நல்லது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கக் கூடாது. அப்படியே வைத்து, பக்கவாட்டு ஒளியில் கேமராவால் எடுத்துக்கொள்ளலாம். கீறல், பூஞ்சைப் புள்ளி, தூசி ஆகியவற்றை ஓவியமாக்கும் முன்பே நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் அல்காரிதம் கீறலையும் ஒரு விளிம்பாக எண்ணி, அதன் வழியே அழகாகத் தூரிகை இழுத்துவிடும். பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த படமாக இருந்தால் அச்சுப் புள்ளிகளை முதலில் லேசாக மங்கச் செய்து கரைக்க வேண்டும்.

அச்சின் அளவே முதல் கணக்கு

பலரும் வடிகட்டியை ஓட்டி, திரையில் பார்த்து மகிழ்ந்து, பிறகுதான் எந்த அளவில் அச்சிடுவது என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். தீற்றலின் அகலம் சுவரில் எத்தனை மில்லிமீட்டராகத் தெரியும் என்பதே ஓவியத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

16×20 அங்குலக் கித்தானில், அங்குலத்துக்கு 150 பிக்ஸல் வீதம் அச்சிடுவதாக வைத்துக்கொண்டால் படம் 2400×3000 பிக்ஸல் இருக்க வேண்டும். 12 மெகாபிக்ஸல் கைபேசிப் படம் ஏறத்தாழ 4000×3000 பிக்ஸல் என்பதால் இதற்குத் தாராளமாகப் போதும். அந்த அச்சில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 6 பிக்ஸல். எனவே 60 பிக்ஸல் அகலத் தீற்றல் சுவரில் ஒரு சென்டிமீட்டராக, அகலத் தூரிகையின் இழுப்பாகத் தெரியும். 24 பிக்ஸல் என்பது 4 மில்லிமீட்டர். 8 பிக்ஸல் என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். முன்னதாகவே படத்தை இந்த அளவுக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினால், பின்னால் வரும் எண்கள் அனைத்துக்கும் கையால் தொட்டுணரக்கூடிய பொருள் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த சுருங்கிய படத்தை ஓவியமாக்கிப் பிறகு பெரிதாக்கினால் தீற்றல்களும் சேர்ந்து ஊதிப்போகும்.

தட்டு எண்ணும் முறை

மிகப் பழைய, மிக எளிய முறை இது. பெல் ஆய்வகத்தின் ஜெரார்டு ஹோல்ஸ்மன் 1988-இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்தார். கிம்ப் மென்பொருளின் ‘ஆயிலிஃபை’, ஓபன்சிவி நிரலகத்தின் எண்ணெய் ஓவியக் கட்டளை ஆகியவை இதே கருத்தில் இயங்குபவை.

ஒவ்வொரு பிக்ஸலைச் சுற்றியும் ஒரு சிறு சாளரம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதில் உள்ள பிக்ஸல்களை ஒளிர்வின்படி தட்டுகளாகப் பிரிக்கிறார்கள். எந்தத் தட்டில் அதிகப் பிக்ஸல்கள் சேர்கின்றனவோ, அந்தத் தட்டின் சராசரி நிறமே நடுப் பிக்ஸலின் புது நிறம். அடிமரமும் வானமும் சந்திக்கும் இடத்தில் ஒரு மூன்றுக்கு மூன்று சாளரத்தில் 52, 55, 58, 60, 61, 120, 180, 185, 190 என ஒன்பது ஒளிர்வுகள் இருப்பதாகக் கொள்வோம். 0 முதல் 255 வரையுள்ள அளவை 8 தட்டுகளாகப் பிரித்தால் ஒரு தட்டின் அகலம் 32. முதல் ஐந்தும் 32–63 தட்டில் விழுகின்றன. 120 தனியே நிற்கிறது. கடைசி மூன்றும் 160–191 தட்டில் சேர்கின்றன. வெற்றி பெறுவது 32–63 தட்டு, விடை ஏறத்தாழ 57. ஒன்பதையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் 107 வந்திருக்கும். அடிமரத்துக்கும் வானத்துக்கும் நடுவே, இரண்டிலும் சேராத ஒரு சாம்பல் நிறம் அது. சாதாரண மங்கல் வடிகட்டி படத்தைப் பனிமூட்டமாக்குவதும், இந்த முறை விளிம்பைக் கூர்மையாகவே வைத்துக்கொண்டு வண்ணத் திட்டுகளை உருவாக்குவதும் இந்த வேறுபாட்டால்தான்.

தோப்புப் படத்தில் இலைகளை இது நன்றாகத் திரட்டும். மூதாட்டியின் படத்தில் இரண்டு கோளாறுகள் வரும். இரண்டுமே நம் ஊர் முகங்களுக்கு முக்கியமானவை.

முதலாவது, கருத்த தோலின் நயம். நிழலில் அமர்ந்த கறுப்பு முகத்தின் சாயல் வேறுபாடு முழுவதும் 40 முதல் 90 வரையுள்ள குறுகிய எல்லைக்குள் அடங்கிவிடக்கூடும். தட்டு 32 அகலமாக இருந்தால் கன்னம், தாடை, கண்குழி எல்லாமே இரண்டே தட்டுகளில் அடைபட்டு, முகம் வெட்டி ஒட்டிய தாள்போலத் தட்டையாகிறது. வெளுத்த தோலில் எடுக்கப்பட்ட மாதிரிப் படங்களைப் பார்த்து அமைக்கப்பட்ட இயல்பு மதிப்புகளை அப்படியே ஏற்கக் கூடாது. முகப் பகுதிக்குத் தட்டுகளின் எண்ணிக்கையை 24 அளவுக்கு உயர்த்த வேண்டும். ஓபன்சிவியில் இது நேரடியாகக் கேட்கப்படுவதில்லை. அங்கே தரும் எண்ணால் 256-ஐ வகுத்தால் கிடைப்பதே தட்டுகளின் எண்ணிக்கை, ஆகவே 10 என்று கொடுத்தால் சுமார் 25 தட்டுகள் கிடைக்கும். அதற்கு முன்பே ஒளிர்வுத் தளத்தை மட்டும் தனியே பிரித்து இருண்ட பகுதியின் வேறுபாட்டைக் கொஞ்சம் விரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. தோலை வெளுப்பாக்குவதல்ல நோக்கம். கருமைக்குள்ளேயே இருக்கும் பல கருமைகளைப் பிரித்துக் காட்டுவதே நோக்கம்.

இரண்டாவது, பொட்டும் மூக்குத்தியும். நெற்றியில் 10 பிக்ஸல் அகலப் பொட்டு இருக்க, சாளரத்தின் ஆரமும் 10 பிக்ஸலாக இருந்தால், 21×21 சாளரத்தில் பொட்டின் பிக்ஸல்கள் எந்த நிலையிலும் சிறுபான்மைதான். பெரும்பான்மையே வெல்லும் இந்த முறையில் பொட்டு தடயமில்லாமல் மறைந்துவிடும். மூக்குத்தியின் ஒளி, கண்மணியில் விழும் வெண்புள்ளி, சரிகையின் மினுக்கம் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஒரு பாட்டியின் படத்தில் பொட்டு போய்விட்டால் குடும்பத்தார் அதைச் சிறு பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இத்தகைய சிறு அடையாளங்களை முதலிலேயே பட்டியலிட்டுத் தனி அடுக்கில் காத்துவைத்து, கடைசியில் சிறு தீற்றலாக மேலே வைக்க வேண்டும். கையால் வண்ணம் ஏற்றிய பழைய ஸ்டூடியோக்காரர் பொட்டைக் கடைசியாக வைத்ததற்கு ஒப்பான வேலை இது.

குவாஹரா வடிகட்டி

ஜப்பானிய ஆய்வாளர் குவாஹராவும் உடன் உழைத்தவர்களும் 1976-இல் இதயத்தின் மருத்துவப் படங்களைத் தெளிவாக்குவதற்காக உருவாக்கியது இது. ஒரு பிக்ஸலைச் சுற்றியுள்ள 9×9 சாளரம், ஒன்றன் ஓரத்தை ஒன்று பகிரும் நான்கு 5×5 கட்டங்களாகப் பிரிகிறது. எந்தக் கட்டத்தில் நிறம் அதிகம் ஏறி இறங்காமல் சீராக இருக்கிறதோ, அதன் சராசரி நிறம் நடுப் பிக்ஸலுக்குப் போகிறது. விளிம்பைத் தாண்டிக் கிடக்கும் கட்டத்தில் ஏற்ற இறக்கம் மிகுதி என்பதால் அது தோற்கிறது. விளிம்பின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முழுதாக உள்ள கட்டம் வெல்கிறது.

மூல வடிவத்தில் சதுரக் கட்டங்களின் தடம் படத்தில் தெரியும். 2009-இல் கிப்ரியானிடிஸ், காங், டோல்னர் ஆகியோர் வெளியிட்ட திருத்தம் அதைத் தீர்த்தது. அதில் சாளரம் நீள்வட்டமாகி, அந்த இடத்தின் வடிவம் ஓடும் திசையில் சாய்கிறது. கூந்தல் வாரிய திசையிலும் புடவை மடிப்பின் திசையிலும் மாமரப் பட்டையின் வெடிப்புகளின் வழியிலும் வண்ணம் ஓடுவதால், தூரிகையே போடாமல் தூரிகை ஓடியதுபோன்ற தோற்றம் வருகிறது. தனித்தனி வடிகட்டிகளில் முகத்துக்கு இதுவே பாதுகாப்பானது. சிறிய ஆரத்தில் வைத்தால் சாயலைச் சிதைக்காமல் தோலின் துகள்களை மட்டும் திரட்டித் தரும். ஜி’மிக் செருகுநிரலிலும் பிளெண்டர் மென்பொருளிலும் குவாஹரா வடிகட்டி கிடைக்கிறது.

தீற்றலாகத் தீட்டுதல்

மேற்சொன்ன இரண்டும் ஏற்கெனவே உள்ள பிக்ஸல்களைச் சீர்படுத்துபவை. உண்மையில் தீட்டும் முறைகள் வேறு வகை. அவற்றில் வெற்றுக் கித்தான் ஒன்று எடுக்கப்பட்டு, அதன்மேல் தீற்றல் தீற்றலாகப் படம் கட்டப்படுகிறது. 1990-இல் பால் ஹேபர்லி இதற்கு வழிகாட்டினார். அவருடைய நிரலில் மனிதர் மவுஸை நகர்த்தும் இடங்களில் எல்லாம், அடியில் மறைந்திருக்கும் ஒளிப்படத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு ஒரு தீற்றல் விழும். 1997-இல் லிட்வினோவிச் இதைத் தானியங்கியாக்கி, பொருளின் விளிம்பு வந்ததும் தீற்றலை வெட்டி நிறுத்தினார். 1998-இல் ஆரன் ஹெர்ட்ஸ்மன் தந்த முறை ஓவியரின் வேலை வரிசைக்கே மிக அருகில் வந்தது. இன்றும் நிரல் எழுதத் தொடங்குபவர் முதலில் செய்து பார்க்க வேண்டியது அதுதான்.

அதன் போக்கு இப்படி. முதலில் மூலப் படத்தை நன்றாக மங்கச் செய்து, மிகப் பெரிய தூரிகையால் கித்தான் முழுவதும் தீட்டுகிறது. பிறகு தூரிகையைப் பாதியாக்குகிறது. மங்கலையும் அதற்கேற்பக் குறைக்கிறது. இப்போது கித்தான் முழுவதையும் அது தொடுவதில்லை. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தீட்டியதற்கும் மூலத்துக்கும் உள்ள நிற வேறுபாட்டை அளக்கிறது. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மட்டுமே, வேறுபாடு மிக அதிகமாக உள்ள புள்ளியிலிருந்து ஒரு புதுத் தீற்றலைத் தொடங்குகிறது. மூன்றாம் சுற்றில் இன்னும் சிறிய தூரிகை. ஹெர்ட்ஸ்மன் 8, 4, 2 பிக்ஸல் ஆரங்களை எடுத்துக்காட்டினார். மேலே சொன்ன 16×20 அங்குல அச்சுக்கு 30, 12, 4 என்ற ஆரங்கள் பொருந்தும்.

ஒரு தீற்றல் எந்தத் திசையில் ஓடும்? ஒளிர்வு மிக வேகமாக மாறும் திசைக்குச் செங்குத்தாக ஓடும். அடிமரத்தின் விளிம்பில் ஒளிர்வு இடவலமாக மாறுவதால் தீற்றல் மேல்கீழாகப் போகிறது. அடியெடுத்து அடியெடுத்துத் திசையைத் திருத்திக்கொள்வதால் வளைந்த தீற்றல்கள் கிடைக்கின்றன. போகும் வழியில் மூலப் படத்தின் நிறம் தீற்றலின் நிறத்தைவிடக் கித்தானில் ஏற்கெனவே இருப்பதை ஒத்துப்போனால் தீற்றல் அங்கேயே நின்றுவிடும்.

இந்த முறையின் உயிர் அந்த வரம்பு எண்ணில் இருக்கிறது. வரம்பைத் தாழ்த்தினால் எல்லா இடத்திலும் சிறு தீற்றல்கள் நிரம்பிப் படம் மீண்டும் ஒளிப்படமாகவே திரும்பிவிடும். உயர்த்தினால் தோப்பு வெறும் பச்சைத் திட்டாகும். முழுப் படத்துக்கும் ஒரே வரம்பு வைப்பதே தொடக்க நிலையில் நடக்கும் பெரிய தவறு. இலைக்கூட்டத்தில் வேறுபாடு எங்கும் மிகுதி என்பதால் அல்காரிதம் தன் உழைப்பையெல்லாம் அங்கே கொட்டிவிடும். மரத்தடியில் நிற்பவரின் முகம் சீரான நிறத்தோடு இருப்பதால் அதை இரண்டே தீற்றலில் முடித்துவிடும். ஓவியர் செய்வதற்கு நேர் எதிரான பங்கீடு இது.

மாற்று, முகமூடிப் படம். கறுப்பு வெள்ளையில் ஓர் அடுக்கு வரைந்து முகத்தை வெள்ளையாகவும், கை, புடவைக் கரை போன்றவற்றை நடுச் சாம்பலாகவும், மற்றவற்றைக் கறுப்பாகவும் நிரப்ப வேண்டும். வெள்ளைக்கு 25, சாம்பலுக்கு 60, கறுப்புக்கு 100 என்று வரம்புகளைத் தொடக்கமாக வைத்துப் பார்க்கலாம். பின்னணியில் மூன்றாவது தூரிகையை முற்றிலும் தடுத்துவிட்டால் இன்னும் நல்ல விளைவு வரும். முகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் நிரல்கள் உண்டு. ஆனாலும் கிம்ப் அல்லது கிரிட்டா மென்பொருளில் கையால் வரையும் முகமூடியே சிறந்தது; படத்தில் எது முக்கியம் என்று கேட்டு விடை சொல்லும் நேரம் அது. சரிகைக்கும் மூக்குத்திக்கும் உரிய ஒளிப் புள்ளிகளை எல்லாச் சுற்றும் முடிந்தபின் தனியே வைக்கலாம்.

வெற்றுக் கித்தானின் நிறமும் கவனிக்கத்தக்கது. வெள்ளைத் தளத்தில் தொடங்கினால் தீற்றல்களின் இடைவெளி பல் இளிக்கும். தைலவண்ண ஓவியர்கள் பலர் பழுப்பு அல்லது செங்காவி பூசிய தளத்தில் தொடங்குவார்கள். நிரலிலும் தொடக்க நிறத்தைச் செம்மண் சாயலில் வைத்து, முதல் சுற்றில் சில இடங்களை மூடாமல் விட்டால் பச்சைத் தீற்றல்களின் நடுவே அது எட்டிப் பார்த்துத் தோப்புக்கு வெம்மை தரும்.

நரம்பு வலைப்பின்னல்கள்

2015-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கேட்டிஸ், எக்கர், பெத்கே ஆகிய மூவர் வேறொரு பாதையைத் திறந்தார்கள். படங்களில் உள்ள பொருள்களை இனங்காணப் பழக்கப்பட்ட விஜிஜி-19 என்ற வலைப்பின்னலை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் மேலடுக்குகள் படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பிடிக்கின்றன. எந்த நிறத்தோடு எந்த இழைவு சேர்ந்து வருகிறது என்ற உறவை அடுக்குகளிலிருந்து கணக்கிட்டால் அது பாணியைப் பிடிக்கிறது. ஒளிப்படத்திலிருந்து முதலாவதையும் ஓவியத்திலிருந்து இரண்டாவதையும் எடுத்து, இரண்டுக்கும் நெருங்கி வரும்படி ஒரு புதுப் படத்தைச் சிறுகச் சிறுகத் திருத்துகிறது நிரல். 2016-இல் ஜஸ்டின் ஜான்சனும் உடனாளர்களும் இதை நொடியில் முடியும் வேலையாக்கினார்கள். அதே ஆண்டு பிரிஸ்மா செயலி வந்து கைபேசிகளில் பரவியது.

இதில் முக்கியமான தேர்வு பாணிப் படம். முகத்துக்கு முகத்தையும் தோப்புக்கு இயற்கைக் காட்சியையும் பாணியாகத் தர வேண்டும். வான்கோவின் சுழல் வானத்தைப் பாட்டியின் முகத்துக்குக் கொடுத்தால் கன்னத்தில் சுழல்கள் முளைக்கும். பாணிப் படத்தைச் சிறிதாக்கினால் தீற்றல்கள் நுணுகும், பெரிதாக்கினால் தடிக்கும். பலர் கவனிக்காத கட்டுப்பாடு இது. ரவிவர்மாவின் உருவப்படங்களைப் பாணியாகக் கொடுத்தால் எதிர்பார்த்த பயன் வருவதில்லை. அவர் தீற்றலைத் தெரியாமல் இழைத்தவர் என்பதால் வலைப்பின்னலுக்குப் பிடிக்க இழைவு குறைவு. பழுப்பும் பொன்னுமான நிறக்கலவை மட்டுமே வந்து சேரும்.

2022 முதல் பரவிய ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை ஆக்க முறைகள் பார்வைக்கு மிகக் கவர்ச்சியானவை. அவை மூலப் படத்தின்மேல் இரைச்சலைத் தூவி, அதிலிருந்து படத்தை மறுபடி உருவாக்குகின்றன. இரைச்சல் கூடக் கூட முகம் வேறொருவர் முகமாகிக்கொண்டே போகும்: பல்வரிசை சீராகும், மூக்கு கூராகும், தோல் வெளுக்கும். தோப்புக் காட்சிக்கு இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். படத்திறப்புக்காகச் செய்யும் மறைந்தவர் படத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்தப் படத்தில் அவர்தான் இருக்க வேண்டும். அவரைப்போன்ற ஒருவர் இருந்தால் போதாது. குவாஹராவும் தீற்றல் முறையும் இல்லாத எதையும் கற்பித்துச் சேர்ப்பதில்லை என்பதால் அந்த வேலைக்கு அவையே நம்பத்தக்கவை.

மேடுபள்ளம்

வண்ணம் தடித்து நிற்கும் தோற்றத்துக்கு ஒவ்வொரு தீற்றலுக்கும் ஓர் உயர வரைபடம் கொடுக்கப்படுகிறது: மயிர்களின் வரிகள், ஓரத்தில் ஒதுங்கிய வண்ண வரம்பு. அதன்மேல் ஒரு கற்பனை விளக்கை ஒளிரவிட்டால் மேடு மின்னும், பள்ளம் நிழலாகும். ஹெர்ட்ஸ்மன் 2002-இல் இதற்கு எளிய வழி காட்டினார். போட்டோஷாப்பின் ஆயில் பெயின்ட் வடிகட்டியில் உள்ள ஒளிக் கோணமும் மினுக்கமும் இதே வேலைக்கானவை. பெரும்பாலான படங்கள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். மினுக்கத்தை அதிகமாக்கினால் தோல் பிளாஸ்டிக்காகிறது. வெளிச்சம் விழுந்த பகுதியில் தடிமனும் நிழலில் மெல்லிய பூச்சும் என்பது தைலவண்ணக்காரர்களின் வழக்கம். உயரத்தை ஒளிர்வோடு பெருக்கினால் அந்த வழக்கம் தானே வந்துவிடும். கித்தானில் அச்சிடுவதாக இருந்தால் நெசவே பாதி வேலையைச் செய்துவிடும், போலி மேட்டைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

உரிமை

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியருடைய படைப்புக்கான உரிமை அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1906-இல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்களைப் பாணிப் படமாகக் கொள்ளத் தடை இல்லை. சோழமண்டலம் கலைக் கிராமத்தை 1966-இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் படைப்புகளுக்கு 2037 முடியும்வரை உரிமை உண்டு, விற்பனைக்குச் செய்பவர் அனுமதி பெற வேண்டும். ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன ஸ்டூடியோப் படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே. ஸ்டூடியோவுக்கு அந்த உரிமை இல்லை.

அச்சும் பராமரிப்பும்

திரையில் தெரியும் நிழல் கித்தானில் இன்னும் கருக்கும். ஆகவே முழுப் படத்தையும் அச்சிடும் முன் முகத்தை மட்டும் உண்மை அளவில் ஒரு துண்டில் அச்சிட்டுப் பார்ப்பது கட்டாயம். கருத்த தோலில் பிரித்தெடுத்த சாயல்கள் அந்தத் துண்டில் ஒன்றாகிவிட்டால் இருண்ட பகுதியைக் கொஞ்சம் உயர்த்தி மறுபடி சோதிக்க வேண்டும். ஃபிளெக்ஸ் அச்சு இதற்கு உதவாது. அதன் வழவழப்பு தீற்றல்களைக் கொன்றுவிடும். பருத்தி அல்லது பருத்திக் கலப்புக் கித்தானில், நிறமி மையால் அச்சிடச் சொல்வது நல்லது. சாய மை சீக்கிரம் வெளுக்கும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட வேண்டும். அந்த ஓரத்துக்கு விளிம்புத் தீற்றல்களை நீட்டித்து நிரப்பினால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வெள்ளைக் கித்தான் தெரியாது.

புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் உப்பும் ஈரமும் கலந்த காற்று கித்தானைத் தளர்த்தும், பின்புறத்தில் பூஞ்சை பிடிக்கச் செய்யும். மை நன்றாக உலர்ந்தபின் மெல்லிய அக்ரிலிக் வார்னிஷை இரண்டு பூச்சாகத் தரலாம். பளபளப்பு வகையைவிட அரைமங்கல் வகை குழல்விளக்கு வெளிச்சத்துக்குப் பொருந்தும். ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில், சட்டத்தின் பின்னால் சிறு தக்கைகள் வைத்துக் காற்றோட்டம் விட்டு மாட்ட வேண்டும். மூல ஒளிப்படம், முகமூடி அடுக்கு, பயன்படுத்திய ஆரங்கள், வரம்பு எண்கள் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேமித்துவைத்தால், உறவினர் ஒருவர் இன்னொரு பிரதியை வேறு அளவில் கேட்கும்போது ஆரங்களைப் புதிய அளவுக்கு ஏற்பப் பெருக்கி அதே படத்தை மறுபடி தீட்டிக்கொள்ளலாம்.